கிரகண மச்சம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.6.2024

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

மதினி வெங்கடேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தையும் சுகமா? உன் அண்ணனை மட்டும் விசாரிக்காமல் விட்டேன் என்று இருக்க வேண்டாம். அவரும் சுகமாகவே இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. உன் அண்ணன் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். உன் போனையும் தினம் வாங்கிப் பார்க்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் நீ வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். தபால்காரரைத் தடுத்து வைக்க உன் அண்ணனுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நாச்சியா எப்படி இருக்கிறாள்? என் பிள்ளையைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய அன்று அத்தை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பிள்ளை எங்க ரத்தம், இங்கனயே இருக்கட்டும். இவகிட்ட விட்டா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இழுத்துக்கிட்டு அலைஞ்சு நல்ல பிள்ளைய வியாதிக்காரியா ஆக்கிருவா." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் வெறுங்கையோடு ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். அம்மா கடைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து, நாலு வயதுப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டியது.

பிள்ளையைக் கேட்டு கேஸ் போட்டிருக்கிறேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஊரார் விவாகரத்து மனுக்களை எல்லாம் பிழையில்லாமல் அடிக்கிறேன். என் மனுவில் மட்டும் வரிக்கு வரி பிழை வந்தது.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஆகஸ்டில் நாச்சியாவின் கண்ணை மதுரையில் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்று இல்லை. உங்களில் யாராவது கூட்டிப் போங்கள், போதும்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மதினி
வெங்கடேஸ்வரி

ராஜபாளையம்
24.6.2024

அன்பு மதினிக்கு,

கார்த்திகா எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கம்பெனி ஆபீஸ் மேசையில் கிடந்தது. கூட வேலை பார்க்கும் மாரிச்செல்வி, "ஏட்டி, உனக்கு எவனோ லவ் லெட்டர் போட்டிருக்கான்" என்று ஊரையே கூட்டிவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுதுங்கள் மதினி. பிரித்துப் படிக்க நன்றாக இருக்கிறது.

நாச்சியா எல்.கே.ஜி. போகிறாள். முதல் நாள் மட்டும்தான் அழுகை. கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற பேண்டேஜ் துணியைக் கொண்டுவந்து கொடுத்தால் பொம்மைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். "பொம்மைக்கு எங்கடி அடி?" என்று கேட்டேன். "அடி இல்லத்தே, புள்ளியெல்லாம் மூடுறேன்" என்கிறாள். வாயைப் பாருங்கள்.

அது வெறும் மச்சம்தான் மதினி. மச்சக்காரி மகராசியாக வாழ்வாள் என்று அம்மா சொல்கிறார்கள். நீங்கள் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குக் காட்டுவதை அண்ணனிடம் சமயம் பார்த்துச் சொல்கிறேன். இப்போது வீட்டுக்கு யார் யாரோ வந்து போகிறார்கள், எதற்கும் நேரம் இல்லை.

மாமாவுக்கு வணக்கம்.

அன்புடன்
கார்த்திகா

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.7.2024

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

இங்கே நலம். பொம்மைக்குக் கட்டுப் போடும் சேதி படித்து ஒரு பாட்டம் அழுதேன், பிறகு ஒரு பாட்டம் சிரித்தேன். அவளுக்கு நான்கு வயதிலேயே உங்கள் வீட்டு வழக்கம் வந்துவிட்டது.

மச்சம் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரம்மா சொன்னதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்க முடியாது. மறுபடி எழுதுகிறேன். பால் தூக்கலாக விட்ட காப்பி நிறத்தில், கொத்தமல்லி விதையைவிடப் பெரிதாக, ஆறு புள்ளி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாச்சியாவுக்கு ஒன்பது இருக்கிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கேப்பை தூவினதுபோலப் பொடிப் புள்ளிகள் வந்தால் சந்தேகமும் போய்விடும். வயது ஏற ஏறத் தோலில் மெத்தென்று கட்டிகள் எழும்பும். பார்த்தால் தோல் வியாதி மாதிரி இருக்கும். ஆனால் நரம்பில் வளர்கிற கட்டி அது. ஒட்டுவாரொட்டி இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவது. பலருக்குத் தோலோடு போய்விடும். சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பிலேயே கட்டி வரும். வலிக்காது. பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. அதனால்தான் கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

தகப்பனைக் கூட்டி வாருங்கள், அவர் உடம்பைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றார் டாக்டரம்மா. உன் அண்ணன் வரவில்லை. அவர் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. விரலால் அழுத்தினால் சட்டைப் பட்டன் மாதிரி உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். கல்யாணமான புதிதில் அதை அழுத்தி விளையாடியிருக்கிறேன், அவரும் சிரிப்பார். அதைத்தான் சபையில் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்றேன். "புருசன் முதுகப் பத்திச் சபையில பேசுதாளே, இவ பொம்பளையா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். பேச்சு அதோடு என் வெட்கத்தைப் பற்றிப் போய்விட்டது. அவர் சட்டை கடைசி வரைக்கும் உடம்பிலேயே இருந்தது.

அப்புறம் கிரகணம். நான் மாசமாக இருந்தபோது சூரிய கிரகணத்தன்று வாசலுக்குப் போனேனாம், அதனால் பிள்ளைக்குக் கிரகண மச்சமாம். சாட்சிக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, போனாக" என்றாய். அன்று நாம் இரண்டு பேரும் சன்னலைப் போர்வையால் அடைத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். நீ என் காயை வெட்டிவிட்டுக் கைதட்டினாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

நான் அதற்குச் சண்டை போட இதை எழுதவில்லை. ஆகஸ்டில் கண்ணைக் காட்டுங்கள்.

மதினி
வெங்கடேஸ்வரி

ராஜபாளையம்
19.8.2024

அன்பு மதினிக்கு,

நலம். உங்கள் நலம் கேட்டு எழுதுகிறேன். கடிதம் போட முடியாமல் நாள் ஓடிவிட்டது. கோபிக்காதீர்கள்.

ஒரு நல்ல சேதி. எனக்கு இடம் அமைந்திருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம், தென்னந்தோப்பு, மாந்தோப்பு எல்லாம் உண்டு. மாப்பிள்ளை பெயர் சிவபாண்டி, ராணுவத்தில் இருக்கிறார். அவருடைய அம்மா தங்கமான குணம். போன தடவை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் விடவே இல்லை. தை மாதம் கல்யாணம்.

இப்போதே துணி எடுத்தாயிற்று. தையல்காரிதான் ஒரே வம்பு. "இந்தக் காலத்துல எவடி முழங்கை வரைக்கும் கை வைக்கிறா? முதுகையும் இப்பிடி மூடணுமா?" என்கிறாள். நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். நலுங்குக்கும் முகத்துக்கும் கைக்கும் மட்டும் மஞ்சள் பூசினால் போதும் என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆடியில் அய்யனார் கோவிலுக்குப் போனோம். உடம்பில் கட்டி, புள்ளி இருந்தால் வெல்லத்தை ஆற்றுத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும், வெல்லம் கரைவதுபோல அதுவும் கரைந்துவிடும் என்று அம்மா நாச்சியா கையாலேயே போட வைத்தார்கள். பாதியை அவளே தின்றுவிட்டாள்.

சேட்டை தாங்க முடியவில்லை மதினி. டிவியை மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்க்கிறாள். அதுவும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி. தம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள். அண்ணன் அதட்டினால் சிரிக்கிறாள்.

மதுரைக்குப் போவது பற்றி அண்ணனிடம் சொல்ல இன்னும் சமயம் வாய்க்கவில்லை.

அன்புடன்
கார்த்திகா

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.8.2024

கார்த்திகாவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது மனசில்லை. கல்யாணச் சேதி சந்தோஷம்.

டிவியை ஒட்டி நிற்பதும் தலையைச் சாய்ப்பதும் சேட்டை இல்லை. தண்ணீர் வெளியே போவதும் சேட்டை இல்லை. கடிதம் கிடைத்த அன்றே இதைச் செய். அவளை மடியில் உட்கார வைத்து ஒரு கண்ணைப் பொத்து. ஒரு மிட்டாயைக் காட்டு. எடுக்கிறாளா என்று பார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக் காட்டு. என்ன நடந்தது என்று உள்ளது உள்ளபடி எழுது. அவள் கையைத் தூக்கி அக்குளையும் பார்.

கார்த்திகா, அய்யனார் கோவில் அருவியில் எல்லாரும் குளிக்கும்போது நீ மட்டும் முழுக்கை நைட்டியோடு ஓரமாக நின்று நனைவாய். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. உன் உடம்பு உன்னோடு. நான் கேட்பது என் பிள்ளையின் கண்ணை.

வெங்கடேஸ்வரி

ராஜபாளையம்
23.9.2024

அன்பு மதினிக்கு,

நலம். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். இடது கண்ணைப் பொத்தினால் சமர்த்தாக மிட்டாயை எடுத்துக்கொள்கிறாள். வலது கண்ணைப் பொத்தினால்தான் என் கையைத் தட்டிவிட்டு, "எடு எடு" என்று கத்தி அழுகிறாள். இரண்டு மூன்று நாள் செய்தேன், ஒவ்வொரு தடவையும் அப்படியே. பிடிவாதம் உங்களை மாதிரியேதான். அக்குளைப் பார்க்கவில்லை. கூச்சப்படுகிறாள்.

மதினி, உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அடிக்கடி வந்து போகிறார்கள். இந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன வியாதி, யார் வழியில் வந்தது என்று ஒரு பேச்சு வரும். அம்மா சொல்கிறார்கள், "தை கழியட்டும், பொறவு எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நாலு மாதம்தானே. நானே கூட்டி வருகிறேன்.

கார்த்திகா

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.10.2024

கார்த்திகாவுக்கு,

பிடிவாதம் இல்லையடி. வலது கண்ணைப் பொத்தினால் அவளுக்கு உலகமே இருட்டிவிடுகிறது, அதனால் அழுகிறாள். இடது கண் தெரியவில்லை என்பதை அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் உன்னிடம் சொல்லியிருக்கிறது. நீ மூன்று நாள் கேட்டுவிட்டு, எனக்குப் பிடிவாதம் என்று எழுதுகிறாய்.

உன் கடிதம் கிடைத்த அன்றே ராஜபாளையம் வந்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்றேன். தகப்பனார் சொல்லாமல் பிள்ளையை யாரிடமும் விட முடியாது என்றார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். நாச்சியா வரிசையில் போகும்போது இடது பக்கம் இருந்த தூணில் தோளை இடித்துக்கொண்டாள். அழக்கூட இல்லை. பழகிப்போயிருக்கிறது.

வக்கீல் அவசர மனு போட்டார். எதிர்த்தரப்பு, "பிள்ளை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, தாயாருக்குத்தான் மனநிலை சரியில்லை" என்று எழுதிக் கொடுத்து வாய்தா வாங்கிவிட்டது. அந்தப் பதில் மனுவை எங்கள் கடையில்தான் டைப் அடிக்கக் கொடுத்தார்கள். நான்தான் அடித்தேன்.

உன் தை வரைக்கும் அவள் நரம்பு காத்திருக்காது. இனி உங்கள் வீட்டுக்கு நான் எழுதிப் பயனில்லை. இங்கிருந்து வத்திராயிருப்புக்கு ஒரே பஸ்தான். உன் மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து, உங்கள் குடும்பத்துத் தோலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுகிறேன். அதன் பிறகு மறைக்க ஒன்றும் இருக்காது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்.

வெங்கடேஸ்வரி

ராஜபாளையம்
17.10.2024

மதினி,

காலில் விழுந்து கேட்கிறேன், போகாதீர்கள். எனக்கு இருபத்தெட்டு வயது முடியப் போகிறது. மூன்று இடம் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுப் பொம்பளைகள் உள்ளே கூட்டிப்போய் என்னைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இந்த அம்மா மட்டும்தான் என்னை உள்ளே கூட்டிப் போகவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அண்ணனுக்குத் தெரியாமல் நாச்சியாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். மதுரை பஸ் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். சேர்ந்தே போவோம். அதுவரைக்கும் பொறுங்கள். நாச்சியா மேல் சத்தியம்.

கார்த்திகா

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.10.2024

கார்த்திகாவுக்கு,

சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றேன். நாச்சியாவுக்கென்று பால்கோவா வாங்கி வைத்திருந்தேன். ராஜபாளையத்துப் பஸ் ஒவ்வொன்றும் வரும்போது ஓடி ஓடிப் பார்த்ததில், பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவே, "ஆரும்மா வாராக?" என்று கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பால்கோவாவை மேசையில் வைத்தேன். சர்க்கரைக்கார அப்பா அதைத் தின்றுவிட்டுத் திட்டு வாங்கினார். யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் வத்திராயிருப்புக்குப் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததுமே உன் மாமியாராகப் போகிறவர், "வாம்மா, கார்த்திகா மதினிதான? நீ வருவன்னு சொன்னாக" என்றார். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, என் தலையைத் தடவி, "உடம்பு இப்பத் தேவலையா? தூக்கமெல்லாம் வருதா?" என்று கேட்டார். மதினிக்காரிக்கு மூளை கொஞ்சம் கலங்கிப்போச்சு, வந்து புள்ளி, கட்டி என்று ஏதாவது உளறுவாள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த வாரமே உன் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனாராம். நீயும் கூட வந்தாயாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பாவமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என் கையில் ஒரு தேங்காய் கொடுத்தார்.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிகிறது. நாச்சியா மேல் சத்தியம் வைத்து அந்த வாரத்தை வாங்கினாய். நல்ல மூளையடி உனக்கு. கல்யாணம் சிறப்பாக நடக்கட்டும்.

வெங்கடேஸ்வரி

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.3.2025

கார்த்திகாவுக்கு,

உன் புதுவீட்டு முகவரியைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டேன். பத்திரிகையை எனக்கு யாரும் அனுப்பவில்லை. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மறந்துவிட்டுப் போன பையில் இருந்தது.

நாச்சியா என்னிடம் வந்துவிட்டாள். கேஸில் ஜெயித்து வாங்கவில்லை. உன் கல்யாண மண்டபத்துப் படிக்கட்டில் இடது பக்கம் தெரியாமல் உருண்டு விழுந்து, நெற்றி கிழிந்து, தையல் போட்ட டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒரு கண் தெரியவே இல்லையே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா?" என்று கேட்டாராம். மறுவாரம் உன் அண்ணன் ஒரு ஆட்டோவில் பிள்ளையையும் துணிப் பையையும் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் வரவில்லை. "அம்மாகிட்டயே இருக்கட்டும்னு சொன்னாக" என்று ஆட்டோக்காரர் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். கண் நன்றாக இருந்தவரைக்கும் உங்கள் ரத்தம். கண் போனதும் என் பிள்ளை.

மதுரைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுத்தார்கள். இடது கண் நரம்பில் கட்டி. போன பார்வை திரும்பாது. வலது கண் நரம்பு வரைக்கும் நெருங்கி வந்திருக்கிறது, அதைக் காப்பாற்ற வாராவாரம் மருந்து ஏற்றுகிறார்கள். ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் அக்குளில் கேப்பை தூவியிருக்கிறது. தூக்கிப் பார்த்தபோது அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

நீ எனக்கு எழுத வேண்டாம்.

வெங்கடேஸ்வரி

வத்திராயிருப்பு
20.4.2026

அன்பு மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் எழுதாமல்தான் இருந்தேன். நீங்களும் மாமாவும் சுகமா? நாச்சியா சுகமா? மருந்தில் கொட்டின முடி திரும்ப முளைத்துவிட்டதா? யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

எனக்கு மாசி மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க அப்படியே அவர் ஜாடை. அவர் எல்லையில் இருக்கிறார், அடுத்த மாதம் லீவில் வருகிறார். வீடியோவில் பிள்ளையைக் காட்டச் சொல்கிறார். துணி சுற்றியே காட்டுகிறேன். இங்கே என் போனை எல்லாரும் எடுப்பார்கள், அதனால் கடிதம்.

மதினி, குளிப்பாட்டும்போது பார்த்தேன். முதுகில் மூன்று, தொடையில் இரண்டு. பால் தூக்கலாக விட்ட காப்பி நிறம். ஐந்துதான் இருக்கிறது. ஆறு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தினமும் எண்ணிப் பார்க்கிறேன், ஐந்துதான். இரண்டு கொத்தமல்லி விதையைவிடச் சின்னதாகக்கூட இருக்கலாம். நாச்சியாவுக்கு இந்த வயதில் எத்தனை இருந்தது?

போன வாரம் என் மாமியார் எண்ணெய் தேய்க்கும்போது பார்த்துவிட்டார். "ஏத்தா, மாசமா இருக்கையில கிரகணம் வந்துச்சே, அன்னைக்கு வெளிய கிளிய போனியா?" என்று கேட்டார்.

போனேன் என்று சொல்லிவிட்டேன்.

போகவில்லை மதினி. சன்னலைப் போர்வையால் அடைத்துவிட்டு அறைக்குள்ளேயேதான் இருந்தேன். தனியாக இருந்தேன்.

அப்போதிருந்து மாமியார் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அது பரவாயில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
கார்த்திகா

ஸ்ரீவில்லிபுத்தூர்
24.4.2026

கார்த்திகாவுக்கு,

இங்கே நலம். பச்சை உடம்புக்காரி, நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிள்ளை என்று எழுதியிருந்ததால் வைத்துக்கொண்டேன். உன்னை மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஊரார் சமாதான மனுக்களை எவ்வளவோ அடித்திருக்கிறேன், இது வரவில்லை.

எண்ணுவதை நிறுத்து. நாச்சியாவுக்கும் ஆறாவது வருகிறவரைக்கும் ஐந்துதான் இருந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு ஆறு வேண்டியதில்லை. அதை டாக்டர் ஒரு நொடியில் பார்த்துவிடுவார், நீ கையைத் தூக்கினால் போதும்.

கிரகணத்தன்று நீ வெளியே போகவில்லை என்று எனக்கு எழுதுகிறாய். எனக்குத் தெரியும். நானும் போகவில்லை. இதைச் சொல்ல வேண்டிய இடம் வத்திராயிருப்பு. உன் மாமியார் நல்ல மனுஷி, எனக்குக் காப்பி கொடுத்தவர். அவரிடம் சொல். புருஷன் லீவில் வந்ததும் துணியை எடுத்துவிட்டுப் பிள்ளையைக் காட்டு. உன்னையும் காட்டு.

வருகிற புதன்கிழமை நாச்சியாவை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். வலது கண்ணில் பார்வை நிற்கிறதா என்று பார்க்கும் நாள். காலையில் மதுரை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். அந்த இடம் உனக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. உன் வீட்டில் சொல்லிவிட்டு வா. ஒளித்துக்கொண்டு வருவதானால் வேறு பஸ்ஸில் போ. இந்தத் தடவை நான் சாயங்காலம் வரைக்கும் நிற்க மாட்டேன்.

முடி முளைத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். முளைத்துவிட்டது, சுருட்டை. உனக்குப் பாப்பா பிறந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "கார்த்தி அத்தைக்கா?" என்று துள்ளிக் குதித்தாள். உன் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பேண்டேஜ் துணி கொடுத்த அத்தை என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"பாப்பாவுக்கு எந்தக் கண்ணும்மா தெரியும்?"

வெங்கடேஸ்வரி